எடுத்தவர் கையெழுத்து

1973ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, சாந்திமதி திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நடந்தே காஞ்சிபுரத்துக்கு வேலைக்கு வந்தாள். வேகவதி ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் இறங்கிக் குறுக்கே நடந்து, பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டரை. அவளுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் ஐந்து வருடம் கணக்கு இயந்திரத்துக்கான அட்டையில் துளை போடும் வேலை பார்த்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு ஊர் திரும்பிவிட்டாள்.

கோதண்டபாணியின் பட்டு நிறுவனம் ஒரு பழைய இரண்டு கட்டு வீட்டில் இருந்தது. முன்கட்டில் கடை, பின்கட்டில் தறிகளும் சாயப் பட்டறையும். இரண்டுக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதற்கு இரும்புக் கதவு.

கோதண்டபாணி அறுபதைத் தாண்டியவர். வந்த அன்றே அவளை உட்காரவைத்து வேலையை விளக்கினார். அவர் தொழிலின் உயிர் நான்கு புத்தகங்களில் இருந்தது. எந்த நிறத்துக்கு எந்தச் சாயம், எத்தனை பங்கு, எவ்வளவு நேரம் கொதி என்பது ஒன்றில். கரையும் முந்தியும் வரைந்த கட்டத் தாள்கள் ஒன்றில். எந்த நெசவாளி எதில் கெட்டி என்பது ஒன்றில். பம்பாயிலும் கொழும்பிலும் வாங்குகிறவர்களின் பெயரும் விலாசமும் நான்காவதில். முன்பெல்லாம் இவை நான்கு பேரிடம் நான்கு இடத்தில் இருந்தன. அவர்தான் எல்லாவற்றையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து ஒரே பூட்டைப் போட்டார். இப்போது அதுவும் போதவில்லை என்று நினைத்தார். புத்தகத்தில் மையால் எழுதியதை யாரும் படித்துவிடலாம். துளை போட்ட அட்டையைத் திருடியவனுக்கு வெறும் ஓட்டைதான் தெரியும். நான்கு புத்தகத்தையும் அட்டையில் ஏற்றி முடித்ததும் புத்தகங்களைக் கொளுத்திவிட வேண்டும் என்றார். அவற்றை அடுக்கித் தரும் இயந்திரம் சென்னையில் இருந்தது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை, அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கத் தெரிந்தவள் அந்த ஊரில் சாந்திமதி ஒருத்திதான்.

அறைக்கு மூன்று விதிகள் இருந்தன. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கதவருகே தொங்கும் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதி, ‘எடுத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எதையும் நகல் எடுக்கக் கூடாது. மூன்றாவதை மட்டும் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆள் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தக் கூடாது. அது தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. அதற்காகவே கீழே ஒரு மர ஆப்பு வைத்திருந்தார்கள். அறை மூலையில் ஒரு மண்பானை நிறையத் தண்ணீரும் இருந்தது.

பெருக்குகிற செல்லியம்மாள் தினமும் காலையில் அந்தப் பானையை நிரப்புவாள். நிரப்பிவிட்டு ஒரு நொடி நிற்க மாட்டாள்.

முதல் வாரத்தில் சாந்திமதி கவனித்தது பானையைத்தான். காலையில் தளும்பத் தளும்ப இருக்கும் தண்ணீர் மதியம் அடியில் ஒரு விரல் அளவுகூட இருப்பதில்லை. பானையில் விரிசல் இல்லை. அடித் தரை உலர்ந்திருந்தது. அவள் ஒரு வாய்கூட அதிலிருந்து குடித்ததில்லை.

இரண்டாவதாகக் கவனித்தது பதிவேட்டை.

அவள் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் எழுதினாள். ஆனால் அவள் எழுதிய வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ஊதா மையில், இடது பக்கம் சாய்ந்த சின்னச் சின்ன எழுத்துகள். ‘சாந்திமதி. சாயப் புத்தகம். 11.10. திரும்ப வைத்தார்.’ மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். யாரோ தன்னைச் சரிபார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். புது ஆளை நம்பாதது நியாயம்தான் என்றும் தோன்றியது. மேனேஜர் ராஜவேலுவிடம், நீங்கள் எழுதுவதாக இருந்தால் என் எதிரிலேயே எழுதலாமே சார் என்று சிரித்தபடி கேட்டாள்.

ராஜவேலு நாற்பது வயதுக்காரர், முதலாளியின் தங்கை கணவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, இனிமையான பேச்சு. பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்தவுடனேயே அவர் மேலுதட்டில் வேர்வை அரும்பியது. பதிவேட்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கடைப்பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் செல்லியம்மாள் வாசலில் நின்று அவளிடம் பேசினாள். முந்தைய ஆள் பெயர் கலியன். தாமல் ஊர்க்காரர். முப்பத்தொரு வருடம் சாயப் புத்தகத்தையும், அறை வந்த பிறகு நான்கையும் காத்தவர். பதிவேட்டு விதியே அவர் போட்டதுதான். எல்லாவற்றையும் ஒரே அறையில் வைப்பது ஆபத்து என்று முதலாளியிடம் சொன்னவரும் அவர்தான். நான்கும் அந்த அறைக்கு வந்து ஒரு வருடம் கழித்து, இந்த வீட்டுக்கே உரிய அரக்குச் சிவப்பு வெளியூர்க் கடை ஒன்றில் அப்படியே இறங்கியது. நிறம் மட்டுமல்ல, கரையில் இருந்த மயில்கூட அதே மயில். முதலாளி எல்லா நெசவாளிகளையும் கூட்டி, அவர்கள் நடுவில் கலியனை நிறுத்தித் திருடன் என்று சொன்னார். அது போன பொங்கலுக்கு முந்தைய நாள். பொங்கல் விடுமுறை முடிந்து அறையைத் திறந்தபோது கலியன் உள்ளே கிடந்தார்.

அவமானத்தில் அவராகவே உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டார் என்று போலீசில் எழுதினார்கள்.

“உள்ள சொட்டுத் தண்ணி இல்லம்மா,” என்றாள் செல்லியம்மாள். “நாலு நாளு. கதவுல நகத்தால கீறி வச்சிருந்தாரு. அதுக்கு மேலதான் பெயின்ட் அடிச்சிருக்குது.”

மறுநாள் சாந்திமதி கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பெயின்டுக்கு அடியில் வரிவரியாகப் பள்ளங்கள் இருந்தன. இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து, கீழே போகப் போக ஆழம் குறைந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டன.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். வீட்டில் அப்பாவுக்கு மருந்து, அம்மாவுக்கு வேறு துணை இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

பயம் ஒருவிதமாகப் பழகிப்போனது. புத்தகத்தைத் திறக்கும்போது பின்னால் யாரோ குனிந்து பார்ப்பதுபோல் கழுத்தில் ஒரு சூடு படும். கதிரறுத்த வயலில் வீசுவது போன்ற உலர்ந்த மணம் வரும். அவள் துளை போட்டுக்கொண்டே இருப்பாள். தவறாக ஒரு துளை விழுந்தால் பின்னால் நாக்கு சப்புக்கொட்டும் சத்தம் கேட்கும்.

உலர்ந்த நாக்கு.

அவள் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஆரம்பிப்பாள். சத்தம் நின்றுவிடும்.

புரட்டாசி முடியும் சமயம் ராஜவேலு அவளிடம் வந்தார். சாயப் புத்தகத்துக்கு இன்னொரு நகல் வேண்டும், முதலாளி தன் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்றார். சாந்திமதி சீட்டு கேட்டாள். வாய்மொழியாகச் சொன்னதுதான், எழுதி வாங்க அவகாசமில்லை என்றார். அப்படியானால் தானே முதலாளியிடம் கேட்டுக்கொள்வதாக அவள் சொன்னாள். ராஜவேலு சிரித்தார். அவ்வளவு அவசரமில்லை என்று பேச்சை மாற்றி, அவள் அப்பாவின் உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். ஊதா மை இன்னும் காயவில்லை.

‘ராஜவேலு. சாயப் புத்தகம் கேட்டார். தரப்படவில்லை.’

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஏறித் தாமலுக்குப் போனாள். கலியனின் மனைவி பெரியநாயகி ஏரிக்கரைக்குக் கீழே ஒரு கூரை வீட்டில் இருந்தாள். வயல் வேலைக்குப் போய்ப் பிழைக்கிறவள். வந்தவள் யார் என்று தெரிந்ததும் முகம் இறுகிப்போனது. சாந்திமதி பானையைப் பற்றிச் சொன்னாள். பெரியநாயகி உள்ளே போய் ஒரு பழைய கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தாள். கலியன் எப்போதோ அவளுக்கு எழுதியது. ஊதா மை. இடது பக்கம் சாய்ந்த சின்ன எழுத்துகள்.

“பொங்கலுக்கு மொத நாளு பொழுது சாய ஊட்டுக்கு வந்துட்டாரும்மா,” என்றாள் பெரியநாயகி. “வந்து அழுதுக்கினு குந்தியிருந்தாரு. அப்பதான் ஆளு வந்து, மேனேஜரு கூப்புடறாரு, பதிவேட்ட ஒருக்கா பாக்கணுமாம்னு சொன்னான். கெளம்பிப் போனாரு. நான் போலீசுல சொன்னேன். யாரும் எழுதிக்கல.”

பதிவேட்டில் திருடன் யாரென்று இருந்திருக்கும் என்பது சாந்திமதிக்குப் புரிந்தது. அந்தப் பழைய பதிவேடு இப்போது எங்கும் இல்லை.

மறுநாள் அவள் கோதண்டபாணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ராஜவேலு நகல் கேட்டதை, தாமலில் கேட்டதை, கடிதத்தின் எழுத்தை. கேட்டு முடித்ததும் அவர் மேஜைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

“அவரு என் தங்கச்சி புருஷன்மா,” என்றார். “பானை வைக்கச் சொன்னது நான்தான். அதுக்கு மேல என்னால ஆவல.”

எவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகம் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். புத்தகங்களைக் கொளுத்திவிட்டால் திருட எதுவும் மிச்சம் இருக்காது, எல்லாம் அதோடு ஓய்ந்துவிடும் என்றார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை கடைசி அட்டை முடிந்தது. மூன்று மணிக்குச் சாய அடுப்பில் புத்தகங்களைப் போடுவதாக ஏற்பாடு. பன்னிரண்டரைக்குக் கோதண்டபாணி சாப்பிடப் போனார். நெசவாளிகளும் தறியை விட்டு எழுந்து பின்கட்டிலேயே சாப்பிட உட்கார்ந்தார்கள். கரண்ட் போயிருந்தது. ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் மட்டும் வீடு முழுக்க இருந்தது.

சாந்திமதி கதவுக்கு வெளியே, அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ராஜவேலு தோல் பையோடு வந்தார். சாப்பிடப் போகச் சொன்னார். அவள் எழுந்தாள், ஆனால் நகரவில்லை. அவர் கதவைத் திறந்து ஆப்பைச் செருகி, தன் சாவியை வெளிப்பூட்டில் அப்படியே விட்டுவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாயப் புத்தகத்தை விரித்துத் தாள்களைக் கிழிக்கத் தொடங்கினார்.

“வெச்சிடுங்க சார்,” என்றாள்.

அவர் திரும்பாமலே பேசினார். குரலில் அதே இனிமை. “கலியனும் இப்படித்தான் சொல்லிக்கினு நின்னான். ஊட்டுக்குப் போம்மா. உனக்கு அப்பா அம்மா இருக்குறாங்க.”

அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள்.

கதவுக்கு அடியிலிருந்த மர ஆப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

யாரோ கால் கட்டை விரலால் தள்ளுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக, தரையில் உராயும் சத்தத்தோடு அது வெளியே வந்தது. அவள் புடவைக் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

சாவி அவள் கைக்கெட்டும் தூரத்தில் பூட்டில் ஆடியது. உள்ளேயிருந்து ராஜவேலு அவள் பெயரைச் சொல்லி அதட்டினார். பத்து எண்ணும் நேரம் அவள் கையை நீட்டவில்லை. இதை அவள் பின்னாளில் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு சாவியைப் பிடித்தாள். அது திரும்பவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினாள். உள்ளேயிருந்து யாரோ அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவள் கத்திய கத்தல் மழையில் கரைந்தது.

உள்ளே இரண்டு குரல்கள் கேட்டன.

ஒன்று ராஜவேலுவுடையது. முதலில் மிரட்டியது, பிறகு கெஞ்சியது. இன்னொன்று தணிந்த குரல். அவசரமே இல்லாத, வறண்ட குரல். அது தேதிகளைப் படித்தது. ஆடி ஏழு, சாயப் புத்தகம், ராஜவேலு. ஆடி இருபது, கட்டத் தாள், ராஜவேலு. மார்கழி கடைசி நாள் வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தது.

சற்று நேரத்தில் ராஜவேலு தண்ணீர் கேட்டார்.

தண்ணி, தண்ணி என்று அவர் சொல்லும்போதே நாக்கு ஒட்டிக்கொள்வது கேட்டது. பானை அவர் பக்கத்திலேயே இருக்கிறது என்று அவள் கதவில் வாயை வைத்துச் சொன்னாள். கதவின் அந்தப் பக்கம் நகம் கீறியது. இடுப்பு உயரத்தில் ஆரம்பித்துக் கீழே கீழே இறங்கியது.

தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

அவள் பின்கட்டுக்கு ஓடி நெசவாளிகளைக் கூட்டிவந்தாள். கடப்பாரையோடு முன்னால் வந்தவர் பூட்டைத் தொட்டதும் சாவி தானாகத் திரும்பியது. கதவு திறந்துகொண்டது. ராஜவேலு உள்ளே போய் முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ராஜவேலு கதவோரம் சுருண்டு கிடந்தார். உதடுகள் வெடித்திருந்தன. கண்கள் குழிக்குள் போயிருந்தன. நாக்கு கறுத்துத் தடித்து வெளியே நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் உடம்பைப் பார்த்துவிட்டு, இவர் தண்ணீர் குடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார்.

அறை மூலையில் பானை தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

சாயப் புத்தகம் அலமாரியில் தன் இடத்தில் இருந்தது. சாந்திமதி அதை விரித்துப் பார்த்தாள். கிழிந்த தாள் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டில் புதிதாக ஒரே ஒரு வரி இருந்தது.

‘ராஜவேலு. 12.40. வெளியே போகவில்லை.’

மாரடைப்பால் இறந்தார் என்று எழுதிக்கொண்டார்கள். கோதண்டபாணி அன்று மாலையே நான்கு புத்தகங்களையும் பதிவேட்டையும் தன் கையால் அடுப்பில் போட்டார். அவர் தங்கை அழுதுகொண்டே வந்து நின்றபோதும் அடுப்பை விட்டு நகரவில்லை. ராஜவேலுவின் காரியம் முடிந்ததும் தாமலுக்கு ஆளனுப்பிப் பெரியநாயகியை அழைத்துவரச் சொன்னார். அவள் வரவில்லை.

ராஜவேலு இறந்த மறுநாளே சாந்திமதி வேலையை விட்டாள். கோதண்டபாணி தடுத்துப் பார்த்தார். அட்டைகள் வெறும் ஓட்டைகள், அவள் இல்லாவிட்டால் அவற்றால் எந்தப் பயனும் இல்லை என்றார். வேறொருவருக்குச் சொல்லித்தர அவர் விரும்பவில்லை. அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஆற்றைத் தாண்டி வீட்டுக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் அந்த அறையோடு முடிந்தது என்றே நம்பினாள்.

மாசியில் ஒரு நாள் சாயங்காலம், சமண வீட்டு வழக்கப்படி விளக்கு வைப்பதற்குள் சாப்பாட்டை முடிக்க அம்மா மதனவதி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வணங்கினார். தேவசகாயம் என்று பெயர் சொன்னார். வெளியூர்ப் பட்டுக் கடை ஒன்றின் ஏஜென்ட். மரியாதையான மனிதர். அவளைப் பற்றி எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் அவள் எதிரில் உட்கார்ந்து, சென்னையில் நிரந்தர வேலை, அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்று நிதானமாகச் சொன்னார்.

“அட்டைய யாரும் எடுக்க வேணாம்மா. நாலாயிரம் அட்டைய அடிச்சவங்களுக்கு மனசுல நிக்காமயா இருக்கும்? அந்த அரக்கு ஒண்ணு மட்டும் சொன்னா போதும்.”

தெரியாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனால் அவர் கேட்டவுடனே மனசுக்குள் அது எழுந்துவிட்டது. இத்தனை பங்கு, இவ்வளவு கொதி, இறக்கி எத்தனை நாழிகை. ஒன்றுகூட மறக்கவில்லை. புத்தகம் எரிந்துபோயிருந்தது. படிக்கும்படியாக அது இருந்த ஒரே இடம் இப்போது அவள்தான் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

தேவசகாயத்தின் முகத்தில் இருந்த புன்னகை நின்றது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்குச் சற்று மேலே பார்த்தார். நிறம் வடிந்த முகத்தோடு, கைகளைக் கூப்பிக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“நான் ஒண்ணும் கேக்கலைங்க,” என்றார் அந்த உயரத்தைப் பார்த்து. “சத்தியமா ஒண்ணும் கேக்கலைங்க.”

பின்புறமாகவே நடந்து வாசலுக்குப் போனார். செருப்பைப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

உள்ளேயிருந்து அம்மா, யாரும்மா வந்தது என்று கேட்டாள். சாந்திமதி மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவள் நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு விரல் நுழையவும் இடம் கிடையாது.